பழைய செயலி ஏன் திணறுகிறது? – கணினி கேள்வி பதில்

பழைய இணையச் செயலிகள் நாளடைவில் மெதுவாகிவிடுவது பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. நால்வரும் ஒரே குறையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றாலும், கோளாறு இருக்கும் இடம் நான்கிலும் வேறு வேறாக இருப்பதால் தனித்தனியாகவே பதில் தருகிறேன்.

கேள்வி: பாம்பனில் விசைப்படகுகளிடமிருந்து இறால், நண்டு, கணவாய் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் தொழில் செய்கிறோம். மீன்பாடு, டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுத்த முன்பணம், பாக்கி எல்லாம் 2013-இல் பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் கொண்டு எழுதப்பட்ட செயலியில் உள்ளன. முன்பு உடனே திறந்த படகுக் கணக்குப் பக்கம் இப்போது 40 விநாடி எடுத்துக்கொள்கிறது. படகுகள் கரை திரும்பும் நேரத்தில் கணக்கெழுதுபவர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, படகுக்காரர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். செயலியைப் பராமரிப்பவர், பெரிய சர்வர் வாங்க வேண்டும், பிஎச்பி-யையும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்கிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த 40 விநாடியும் எங்கே செலவாகிறது என்பதை உங்கள் பராமரிப்பாளர் உங்களிடம் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அதைச் சொல்ல முடியாதவர் பரிந்துரைக்கும் சர்வர், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஊகத்துக்குக் கொடுக்கும் விலைதான்.

முதல் அளவை நீங்களே எடுக்கலாம். குரோம் அல்லது ஃபயர்பாக்ஸ் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, படகுக் கணக்குப் பக்கத்தை வரவழையுங்கள். சர்வரிடமிருந்து முதல் பைட் வந்து சேரும் வரை காத்திருந்த நேரம் எவ்வளவு, அதன் பிறகு பக்கம் இறங்குவதற்கு ஆன நேரம் எவ்வளவு என்பது அங்கே தனித்தனியாகத் தெரியும். காத்திருப்பே 39 விநாடி என்றால் உங்கள் இணைய இணைப்பைக் குறை சொல்வதில் பயனில்லை. வேலை முழுவதும் சர்வருக்குள் நடக்கிறது.

சர்வருக்குள் எதைத் தேடுவது என்பது பராமரிப்பாளரின் பொறுப்பு. பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியின் பதிவுக் கோப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரத்தை மைக்ரோவிநாடியில் எழுதவைக்கும் வசதி உண்டு; பழைய நிறுவல்களில் அது பெரும்பாலும் இயக்கப்படாமலே கிடக்கும். அதை இயக்கி ஒரு வேலைநாள் முழுக்க ஓடவிட்டு, பக்கவாரியாக நேரத்தைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒருமுறை திறக்க 40 விநாடி எடுத்தாலும் நாளில் பத்து முறை மட்டுமே திறக்கப்படும் பக்கத்தைக் காட்டிலும், 2 விநாடி எடுத்து நாளில் ஆயிரம் முறை திறக்கப்படும் பக்கம் சர்வருக்கு ஐந்து மடங்கு சுமை. பயனர் புகார் சொல்வது முதலாவதைப் பற்றி. சர்வர் மூச்சு வாங்குவது இரண்டாவதால். இரண்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது மைஎஸ்க்யூஎல். மெதுவான வினவல்களை, அதாவது தரவுத்தளத்திடம் செயலி கேட்கும் கேள்விகளை, தனிக் கோப்பில் எழுதிவைக்கும் ஸ்லோ குவெரி லாக் என்ற வசதி அதிலேயே இருக்கிறது. அதன் இயல்பு வரம்பு 10 விநாடி. அப்படியே விட்டால் 9 விநாடி எடுக்கும் வினவல்கூடத் தப்பிவிடும் என்பதால் அதை 1 விநாடியாகக் குறைத்து இயக்க வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து வினவல்கள் திரும்பத் திரும்ப மாட்டும். அவை ஒவ்வொன்றின் முன்னும் எக்ஸ்ப்ளெயின் என்று சேர்த்து ஓட்டினால், அந்த வினவல் எந்த இன்டெக்ஸை (தேடலை விரைவாக்கும் வரிசைப்படுத்திய பட்டியலை) பயன்படுத்துகிறது, எத்தனை வரிகளைப் புரட்ட வேண்டியிருக்கும் என்று மைஎஸ்க்யூஎல் மதிப்பிடுகிறது என்பது தெரியும். டைப் என்ற கட்டத்தில் ஆல் என்றும் வரிகளின் கட்டத்தில் லட்சக்கணக்கும் இருந்தால், ஒரு படகின் கணக்குக்காக அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது என்று பொருள்.

உங்கள் தொழிலில் இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதை என்னால் ஓரளவு யூகிக்க முடிகிறது. உங்கள் பக்கத்து விசைப்படகுகளின் பதிவெண் ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கிக் கடைசியில் ஓர் எண்ணில் முடியும். கரையில் யாரும் முழுப் பதிவெண்ணையும் சொல்வதில்லை. கடைசி எண்ணை மட்டும் சொல்வார்கள். நிரல் எழுதியவரும் அதற்கேற்ப, கணக்கெழுதுபவர் தட்டும் மூன்று இலக்கத்துக்கு முன்னால் ‘இங்கே எதுவும் இருக்கலாம்’ என்று பொருள்படும் சதவீதக் குறியிட்டு, லைக் என்ற கட்டளை கொண்டு தேடும்படி எழுதியிருப்பார். பதிவெண்ணுக்கு இன்டெக்ஸ் இருந்தாலும் அது முன்னெழுத்திலிருந்து வரிசைப்படுத்தப்பட்டது. முன்பகுதி தெரியாத தேடலுக்கு அது உதவாது. சில நூறு வரிகள் இருந்த 2013-இல் இந்தக் குறை கண்ணில் பட்டிருக்காது. தீர்வு எளிது: கடைசி எண்ணைத் தனி நெடுவரிசையில் சேமித்து, அதற்கு இன்டெக்ஸ் இட்டு, சமக்குறி கொண்டு தேட வேண்டும்.

இதே வகைக் குறை தேதியிலும் வரும். தேதியும் நேரமும் சேர்ந்த நெடுவரிசையை டேட் என்ற சார்புக்குள் இட்டு, குறிப்பிட்ட நாளுக்குச் சமமா என்று கேட்டால், பழைய மைஎஸ்க்யூஎல் பதிப்புகள் அந்த நெடுவரிசையின் இன்டெக்ஸைத் தேடலுக்குப் பயன்படுத்த முடியாது. அந்த நாளின் நள்ளிரவுக்குச் சமம் அல்லது பின், மறுநாள் நள்ளிரவுக்கு முன் என்று எல்லை வகுத்துக் கேட்டால் பயன்படுத்தும். படகு, தேதி இரண்டையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸாக இடும்போது படகு முதலிலும் தேதி அடுத்தும் வர வேண்டும். மாற்றி இட்டால் பாதிப் பயன்தான்.

ஆனால் உங்கள் 40 விநாடியின் பெரும்பகுதி, நான் நினைப்பது சரியானால், பாக்கி கணக்கிடும் முறையில் இருக்கிறது. பட்டியலில் 200 படகுகள் இருந்தால், படகுகளின் பெயரை எடுக்க ஒரு வினவல், பிறகு ஒவ்வொரு படகின் பாக்கிக்கும் ஒரு வினவல் என 201 வினவல்கள் ஓடும் செயலிகளை நிறையக் காணலாம். ஒவ்வொன்றும் 5 மில்லிவிநாடியில் முடிந்தாலும் மொத்தம் 1 விநாடி ஆகிவிடும். ஒவ்வொன்றும் முதல் நாளிலிருந்து இன்றுவரை உள்ள எல்லா முன்பணத்தையும் எல்லாக் கழிவையும் கூட்டுவதாக இருந்தால் 40 விநாடி ஆவதில் வியப்பில்லை. காகிதப் பேரேட்டில் கணக்கெழுதிய யாரும் இப்படிச் செய்ததில்லை. ஆண்டு முடிவில் பாக்கியை இறக்கிப் புதுப் பேரேட்டின் தலைப்பில் ‘முன் பாக்கி’ என்று எழுதி அங்கிருந்து தொடர்ந்தார்கள். செயலியிலும் அதையே செய்யலாம். படகுவாரியாக முன் பாக்கி வைக்கும் சிறு அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதற்குப் பிந்தைய வரிகளை மட்டும் கூட்டும்படியும், 201 வினவல்களையும் படகுவாரியாகத் தொகுத்துத் தரும் ஒரே வினவலாக்கும்படியும் சொல்லுங்கள். இறக்கிய பின் பழைய ஆண்டின் வரியை யாராவது திருத்தினால் முன் பாக்கி பொய்யாகிவிடும் என்பதால், அந்த ஆண்டுகளைத் திருத்த முடியாதபடி பூட்டிவிட வேண்டும்.

இதற்கு வேறு எந்தத் தொழிலுக்கும் கிடைக்காத வசதி உங்களுக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகு வரவு மட்டும் இருக்கும். பாக்கி இறக்குவது, இன்டெக்ஸ் இடுவது போன்ற வேலைகளை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் 5.5 போன்ற பதிப்புகளில் பெரிய அட்டவணையின் அமைப்பை மாற்றும்போது, அது முழுதாக நகலெடுக்கப்பட்டு முடியும் வரை யாராலும் அதில் எழுத முடியாது. ஏல நேரத்தில் அதைத் தொடங்கினால் 40 விநாடியே தேவலை என்றாகிவிடும். அவசரம் என்றால் படகு போகாத நாளின் இரவில் ஒரே ஒரு இன்டெக்ஸை மட்டும் இட்டுப் பாருங்கள்.

பிஎச்பி பதிப்பு பற்றி: 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0, அதற்கு முந்தைய 5.6-ஐவிடப் பல செயலிகளில் ஏறத்தாழ இரு மடங்கு வேகமானது என்பது உண்மைதான். ஆனால் 40 விநாடியில் 38 விநாடி தரவுத்தளத்தில் போகிறது என்றால், பிஎச்பி-யின் பங்கான 2 விநாடி 1 விநாடியாகி, உங்கள் பக்கம் 39 விநாடியில் திறக்கும். வேகத்துக்காக அதை முதலில் செய்வது வீண். பாதுகாப்புக்காகக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனெனில் 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பருடன் நின்றுவிட்டன. 2013-இல் எழுதிய நிரலில் மைஎஸ்க்யூஎல்-உடன் பேசும் பழைய சார்புகள் இருக்க வாய்ப்பு அதிகம், அவை 7.0-இல் அடியோடு நீக்கப்பட்டவை என்பதால், தனி நகல் ஒன்றில் மாற்றி ஓட்டிப் பார்க்காமல் உண்மையான சர்வரில் கைவைக்க வேண்டாம்.

கேள்வி: ராமேஸ்வரத்தில் தங்கும் விடுதி நடத்துகிறோம். அறைப் பதிவுச் செயலி மற்ற நாட்களில் நன்றாகவே ஓடுகிறது. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மஹாளய அமாவாசை நாட்களில் அடியோடு நின்றுவிடுகிறது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் சிறிது நேரம் ஓடி, மறுபடி நிற்கிறது. சில நேரம் ஒரே அறை இருவருக்குப் பதிவாகிவிடுகிறது.
– ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: பாம்பன் வாசகரின் செயலி ஒருவர் பயன்படுத்தினாலும் மெதுவாகத்தான் இருக்கும், உங்களுடையது பலர் ஒன்றாக வரும்போது மட்டும் நிற்கிறது. எனவே இங்கே தேட வேண்டியது எது எதற்காகக் காத்திருக்கிறது என்பதை. அதைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில்தான் பார்க்க முடியும். செயலி நின்றவுடன் சர்வரை நிறுத்தித் தொடங்கும் பழக்கத்தை விட்டு, அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கி இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: நினைவகத்தில் எவ்வளவு மீதம், நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ஸ்வாப் எவ்வளவு பயன்படுகிறது என்பது ஒன்று, மைஎஸ்க்யூஎல்-இல் ஷோ பிராசஸ்லிஸ்ட் என்று கேட்டால் வரும், அந்நேரத்தில் ஓடும் வினவல்களின் பட்டியல் மற்றொன்று.

அந்தப் பட்டியலில் பல வினவல்கள் அட்டவணைப் பூட்டுக்காகக் காத்திருப்பதாகக் காட்டினால், அறைப் பதிவு அட்டவணை மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையில் இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மைஐசாமில் ஒருவர் ஒரு வரியைத் திருத்தும்போதும் அட்டவணை முழுவதும் பூட்டப்படுகிறது. யாரோ மாத அறிக்கை எடுத்துக்கொண்டிருந்தால், அது முடியும் வரை பதிவு எழுத வந்தவர் நிற்க, அவருக்குப் பின்னால் படிக்க வந்தவர்களும் நிற்பார்கள். 2010-இல் வந்த 5.5 பதிப்பு முதல் புதிய அட்டவணைகள் இயல்பாக இன்னோடிபி வகையில் உருவாகின்றன. அது வரிவாரியாகப் பூட்டும். பழைய தரவுத்தளத்தை அப்படியே புதிய பதிப்புக்குக் கொண்டுவந்தவர்களுக்கு வகை தானாக மாறியிருக்காது. இன்னோடிபி-க்கு மாற்றும்போது தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் அதன் பஃபர் பூல் அளவை இயல்பான 128 எம்பி-யிலிருந்து உங்கள் நினைவகத்துக்கேற்ப உயர்த்துங்கள். அட்டவணையின் மொத்த வரிகளை மைஐசாம் தயாராக வைத்திருக்கும், இன்னோடிபி எண்ணித்தான் சொல்லும் என்பதால், முகப்பில் மொத்த எண்ணிக்கை காட்டும் பக்கம் இருந்தால் அது சற்று மெதுவாகலாம்.

ஒரே அறை இருவருக்குப் போவதும் இதனுடன் தொடர்புள்ளதே. ‘காலியா’ என்று பார்ப்பதற்கும் பதிவு எழுதுவதற்கும் இடைப்பட்ட நேரம் நீள நீள, இருவர் ஒரே காலி அறையைப் பார்க்கும் வாய்ப்பு கூடுகிறது. பல செயல்களை ஒன்றாக முடிக்கும், இல்லையேல் எதையும் செய்யாமல் விடும் பரிவர்த்தனை வசதி மைஐசாமில் இல்லை. இன்னோடிபி-க்கு மாறியதும் இரண்டு செயல்களையும் ஒரே பரிவர்த்தனைக்குள் கொண்டுவந்து, அறை எண், தேதி இரண்டும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு இட வேண்டும்.

நினைவகம் தீர்ந்து ஸ்வாப் ஓடினால் கதை வேறு. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி பிராசஸை (ஓடும் நிரலை) ஒதுக்கும் அப்பாச்சியின் பிரீஃபோர்க் முறையில், அளவு குறிக்காவிட்டால் 256 கோரிக்கைகள் வரை ஒரே நேரத்தில் ஏற்கப்படும். ஒவ்வொரு பிராசஸும் 60 எம்பி எடுத்தால் 150 பிராசஸுக்கே 9,000 எம்பி வேண்டும். 4 ஜிபி சர்வரில் அது வட்டுக்கு வழிந்து, எல்லோருக்கும் எல்லாமும் நின்றுவிடும். தரவுத்தளத்துக்கு ஒன்றரை ஜிபி ஒதுக்கினால் மீதத்தில் ஏறத்தாழ 40 பிராசஸுக்குத்தான் இடம். அந்த வரம்பை 40 என்று குறைத்து எழுதுங்கள். கூட்ட நாளில் வரம்பைக் குறைப்பதா என்று உங்கள் ஆள் கேட்பார். 40 பேருக்கு அரை விநாடியில் பதில் தந்து அடுத்தவரை அழைக்கும் சர்வர், 150 பேரை உள்ளே விட்டு ஒருவருக்கும் பதில் தராத சர்வரைக் காட்டிலும் அதிகம் பேரைக் கவனிக்கும்.

இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். அறை பதிவானதும் குறுஞ்செய்தி அனுப்பும் நிரல், செய்தி நிறுவனத்தின் சர்வர் பதில் தரும் வரை காத்திருக்கிறதா? பிஎச்பி-யில் கோப்பு படிப்பதுபோல் வெளிமுகவரியைப் படித்தால் இயல்பான காத்திருப்பு வரம்பு 60 விநாடி. உங்கள் 40 இடங்களும் அப்படிக் காத்திருந்தே நிரம்பிவிடும். அனுப்ப வேண்டிய செய்தியை ஓர் அட்டவணையில் எழுதிவிட்டுப் பக்கத்தை முடித்துவிடலாம். சர்வரில் நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் கிரான் வேலை அதை அனுப்பும். மற்றொன்று, உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் செஷன் கோப்பின் பூட்டு. வரவேற்பில் இருப்பவர் ஒரு தாவலில் பெரிய அறிக்கையைக் கேட்டுவிட்டு, அதே உலாவியின் அடுத்த தாவலில் பதிவைத் திறக்கும்போது அது நின்று, பக்கத்துக் கணினியில் மட்டும் வேலை நடந்தால், பிஎச்பி-யின் செஷன் கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது. அறிக்கை நிரலில் உள்நுழைவைச் சரிபார்த்தவுடன் செஷன் ரைட் குளோஸ் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

கேள்வி: எங்கள் கருவாட்டு மொத்த வியாபாரக் கணக்கு மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி நிரலிலும் ஆக்சஸ் தரவுத்தளக் கோப்பிலும் ஓடுகிறது. பத்துப் பேர் பயன்படுத்துகிறோம். மிகவும் மெதுவாகிவிட்டது, அடிக்கடி கோப்பு பழுதாகிறது. சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: சில மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. நீக்கிய வரிகளின் இடம் தானாகத் திரும்பக் கிடைக்காது என்பதால், எல்லோரையும் வெளியேற்றிவிட்டு காம்பாக்ட் செய்தால் கோப்பு சுருங்கி, ஓரளவு வேகமும் வரும். பத்துப் பேர் ஒன்றாக எழுதும் வேலைக்கு அது ஏற்றதல்ல. தரவை மட்டும் முதலில் எஸ்க்யூஎல் சர்வருக்கு மாற்றி, ஏஎஸ்பி நிரலின் இணைப்பு வரியையும் சில வினவல்களையும் திருத்தினால், பழுதாகும் தொல்லை நிற்கும். அதன் பிறகும் நீண்ட பட்டியல்கள் மெதுவாக இருந்தால், வினவலின் விடையான ரெக்கார்ட்செட்டை வரிவரியாக நகர்த்துவதற்குப் பதிலாக கெட்ரோஸ் என்ற கட்டளை கொண்டு மொத்தமாக எடுத்து, இணைப்பை உடனே மூடிவிட வேண்டும். பட்டியல் முழுவதையும் ஒரே சரமாக (எழுத்துத்தொடராக) ஒட்டிக்கொண்டே போகாமல் அவ்வப்போது பக்கத்தில் எழுதிவிட வேண்டும். நிரலுக்கு அடிப்படையான விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்துவிட்டது. எனவே இதில் பெரிய செலவு செய்யாதீர்கள். அந்தப் பணத்தைப் புதிய நிரலுக்கு வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நல அமைப்பின் உறுப்பினர் தளம் இங்கே விரைவாகத் திறக்கிறது, துபாயிலும் கத்தாரிலும் இருக்கும் உறுப்பினர்கள் மிக மெதுவாக இருப்பதாகச் சொல்கிறார்கள். மேலும், பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபின் சந்தாப் பட்டியல் எல்லோருக்குமே மெதுவாகிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: இரண்டும் வேறு. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறை சர்வருக்குப் போய்த் திரும்பவும் நேரம் ஆகிறது. பழைய ஹெச்டிடிபி 1.1 முறையில் உலாவி ஒரு சர்வருடன் ஒரே நேரத்தில் வழக்கமாக 6 இணைப்புகள் மட்டுமே வைக்கும். உங்கள் முகப்பில் 60 சிறு கோப்புகள் இருந்தால் குறைந்தது 10 சுற்று. ஒரு சுற்றுக்கு 100 மில்லிவிநாடி என்று வைத்துக்கொண்டால் அதிலேயே 1 விநாடி போய்விடும். கோப்புகளை ஒன்றுசேர்த்து, உலாவியிலேயே நீண்ட நாள் சேமித்துவைக்கும்படி சர்வரிலிருந்து தலைப்புக் குறிப்பு அனுப்பி, ஜிசிப் சுருக்கத்தை இயக்குங்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுப்பதால், ஒரு பைட்டில் எழுதிய பழைய பக்கத்தைவிடப் பக்கத்தின் அளவு பெருத்திருக்கும். சுருக்கம் அதைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். உறுப்பினர் படங்கள் கைபேசியில் எடுத்த முழு அளவிலேயே போய்க்கொண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படியானால் முதலில் அதைத்தான் குறைக்க வேண்டும்.

சந்தாப் பட்டியல் தரவுத்தளத்தின் கோளாறு. உறுப்பினர் அட்டவணையை மட்டும் யூனிகோடுக்கு மாற்றி, சந்தா அட்டவணையைப் பழைய எழுத்துத்தொகுதியான லத்தீன்1-இலேயே விட்டிருப்பார்கள் என்று கருதுகிறேன். உறுப்பினர் குறியீட்டைக் கொண்டு இரண்டையும் இணைக்கும்போது, ஒப்பிடுவதற்காக மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 பக்கத்தை வரிவரியாக மாற்ற வேண்டியிருப்பதால் அதன் இன்டெக்ஸ் பயனற்றுப்போகிறது. இணைக்கும் நெடுவரிசைகள் இரண்டும் ஒரே எழுத்துத்தொகுதியில், ஒரே கொலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதியில்) இருக்க வேண்டும்; யூனிகோடுக்கான யூடிஎஃப்8எம்பி4 என்று இரண்டையும் ஒன்றாக்குங்கள். பழைய எழுத்துருவில் எழுதிய பெயர்கள் சந்தா அட்டவணையில் இன்னும் மிச்சமிருந்தால், எழுத்துத்தொகுதியை மாற்றுவதால் மட்டும் அவை தமிழாகிவிடாது. அவற்றைத் தனி நிரல் கொண்டு மாற்ற வேண்டும், அதற்கு முன் முழு நகல் எடுத்துவிட வேண்டும்.

கைபேசி எண் கொண்டு தேடுவதும் மெதுவா என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணைச் சரமாகச் சேமித்து, வினவலில் மேற்கோள் குறியில்லாமல் கேட்டாலும் இன்டெக்ஸ் இதேபோல் கைவிடப்படும். நிரலைத் திறக்கும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.